11-பி, கீழ்க்கட்டில்

ஜுபைல் கேம்பில் மாதக் கடைசி.
ஷமால் மூன்று நாளாக அடித்து
கீபோர்டில் எழுத்துகளுக்கு நடுவே மணல்.
அறுநூற்று நாற்பது கட்டில்களுக்குக்
கணக்கு எழுதுகிறேன்,
கட்டிலுக்கு ஒரு சொல்.
ஆள் இருந்தால் ஆக்குபைடு, முடிந்தது.
இல்லாவிட்டால்தான் தொல்லை.

போன மாதம் எம்ப்டி என்று போட்டிருந்தேன்.
தலைமை அலுவலகத்து மேரிசெல்
போனில் சிரித்தாள்:
எம்ப்டி என்றால் தண்ணீர் கேன், கேஸ் சிலிண்டர்.
கட்டில் வேகன்ட்.
காலியாய்க் கிடப்பது வேறு,
காலி என்று கூவி ஆள் பிடிப்பது வேறு
என்று அன்றைக்குத்தான் விளங்கியது.

வெல்டர் பூவலிங்கம் பதினோரு நாளாக இல்லை.
பெட்டி இருக்கிறது.
பெட்டியில் பூட்டு இருக்கிறது.
வாளியில் ஊறவைத்திருந்த கவரால்
வாடையடிக்கத் தொடங்கியதும்
மேல்கட்டில் ஷஹிதுல் அலசிக் கம்பியில் போட்டான்.
உப்புக்காற்றில் விறைத்து
கையும் காலுமாய்த் தொங்கியது.
ஹாலோ என்று நினைத்தேன்.
இங்கே அது பைப்புக்கு மட்டும் சொல்வது.

வேகன்ட் என்று அடித்தால்
நாளைக் காலை ஒரு நேபாளிப் பையன்
பிளாஸ்டிக் உறை பிரிக்காத மெத்தையோடு
வாசலில் நிற்பான்.
ஆப்சென்ட் என்றால் சம்பளத்தில் பிடிப்பு;
அந்தச் சொல்லும் ஒரு வாரத்துக்கு மேல் தாங்காது.
மிஸ்ஸிங் என்றால் யாராவது தேட வேண்டும்.
போலீஸ், தூதரகம், ஆஸ்பத்திரிகளின் கீழ்த்தளம்.
தேடச் செலவாகும். அந்தச் சொல்லைக்
கம்பெனிக்குப் பிடிக்காது.
அப்ஸ்காண்டிங் என்றால்
தேடவே வேண்டாம்.
அரபியில் ஹுரூப், அவ்வளவுதான்,
இகாமா செத்துப்போகும்.
தலையணையில் பள்ளம் என்னவோ
நாலு சொல்லுக்கும் ஒன்றேதான்.

'ஆளில்லா, அத்ரே உள்ளூ'
என்றார் கேம்ப் பாஸ் பினோய்,
டீயை ஆற்றிக்கொண்டே.
'எந்தெங்கிலும் எழுது.'

நான்கு மணிக்குச் சாயர்புரத்திலிருந்து
அவன் மனைவி சுடலைவடிவு,
ஆபீஸ் நம்பருக்கு.
'அவுக இருக்காகளா?'
'இல்லை' என்றேன்.
அந்தப் பக்கம் மூச்சு நின்றது.

நம் இல்லைக்குக் காலம் கிடையாது.
ஆண் பெண் கிடையாது, ஒருமை பன்மை கிடையாது.
கடையில் சீனி இல்லை,
கரண்டு இல்லை,
அப்பா இல்லை,
எல்லாவற்றுக்கும் ஒரே இல்லை.
பதறிப்போய் முன்னால்
ஒரு சொல்லை முட்டுக்கொடுத்தேன்:
'இங்க இல்லை. இங்க மட்டுந்தான்.'
'ம்' என்றாள்.
பிறகு, 'சம்பளம் போட்டாச்சா?'
அதற்கும் இல்லை என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது.

கட்டத்தை நிரப்பாமல் விட்டுப் பார்த்தேன்.
சிவப்பு நட்சத்திரம் வந்தது.
ஸ்பேஸ் பாரைத் தட்டினேன்,
வெறும் இடமும் செல்லாதாம்.
ஒரு கோடு போட்டேன்: இன்வேலிட்.
இல்லாததைச் சொல்லவும்
இத்தனை விதியா என்று
வாய்விட்டே கேட்டுவிட்டேன்.
ஏசி மட்டும் உறுமியது.

ஆன் லீவ் என்று அடித்தேன்.
உடனே ஏற்றுக்கொண்டது.
திரும்பும் தேதி? என்று கேட்டது.
என் சொந்த லீவு முடியும் தேதியைப் போட்டேன்,
ஏப்ரல் பதினேழு.
வேறெந்தத் தேதியும்
எனக்கு மனப்பாடமில்லை.

இரவு ரவுண்டு போனபோது
11-பி கீழ்க்கட்டிலில்
ஷஹிதுலின் மாவு டப்பா, வெங்காயச் சாக்கு,
சார்ஜரில் ஒரு போன்.
எடு என்றேன்.
'காலி ஹை நா, பாய்?'
'நஹி' என்றேன், 'காலி இல்லை.'
ஒன்றும் பேசாமல் சாக்கைக் கீழே இறக்கினான்.
கம்பியிலிருந்து கவராலை எடுத்து
மடித்து அங்கே வைத்தான்.
போனை மட்டும் எடுக்கவில்லை.
அந்தப் பக்கம்தான் பிளக் இருக்கிறது.