மாறிய செருப்பு

கிண்ணியா ஆஸ்பத்திரிக் கணக்காய்வு
ஒரு மணிக்கே முடிந்துவிட்டது.
இரவு ரயிலுக்கு இன்னும் நேரம் கிடந்தது.
"மூவாயிரம் தாங்க மேடம், ஊர் முழுக்கக் காட்டுறன்"
என்றார் ஓட்டோ இஸ்ஸதீன்.
இரண்டாயிரத்து நானூறுக்கு
ஊர் முழுவதும் படிந்தது.

கோட்டை வாசலில் நிறுத்தினார்.
நிலைக்கல்லில் எழுத்து, பக்கத்தில் மீன்.
வாசிக்க விடாமல்
பின்னால் ஒரு வான் ஹோன் அடித்தது.
"பறங்கி இடிச்சது கோயில்,
பறங்கி கட்டினது கோட்டை,
கல்லு ஒண்டுதான்."
நான் மனதுக்குள் குறித்துக்கொண்டேன்:
கோயில் இருப்பில் கழிந்தது
கோட்டை வரவில் ஏறியிருக்கிறது.
இடையில் பற்றுச்சீட்டு இல்லை.
கையொப்பமிட வேண்டியவர்கள்
நானூறு வருடமாக லீவில்.

உள்ளே மான்கள்.
ஒன்று என் கச்சான் சுருளைக்
காகிதத்தோடு பறித்துத் தின்றது.
காகிதம் யாரோ ஒரு பிள்ளையின்
ஒன்பதாம் ஆண்டுச் சமயபாடக் கொப்பி.
எந்தச் சமயம் என்று பார்ப்பதற்குள்
விழுங்கிவிட்டது.

விகாரையில் அரசமரத்தின் கீழே
குருநாகல் பஸ் ஒன்றின் ஆட்கள், வெள்ளையுடையில்
தாமரை மொட்டுகளை இதழ் இதழாய் மடித்துக்கொண்டிருந்தார்கள்.
பிறகு அவர்களும் எங்களோடு மேலே ஏறினார்கள்.
கோணேசர் நடை சாத்தியிருந்தது.
செருப்பைக் கழற்றிவிட்டு
வெயிலில் காய்ந்த கல்லில்
எல்லாரும் ஒரே மாதிரி துள்ளித் துள்ளி நடந்தோம்.

பாறை விளிம்பில், இராவணன் வெட்டு.
கீழே கடல், கண்ணை மூடவைக்கும் நீலம்.
அடியில் தூண்கள் கிடக்காம்,
சுழியோடியவன் சொன்னதாகச் சொன்னவரை
இஸ்ஸதீனுக்குத் தெரியுமாம்.

மரத்தில் தொட்டில்கள், விரலளவு, உள்ளங்கையளவு.
எண்ணத் தொடங்கி நாற்பத்தொன்றில் நிறுத்தினேன்.
நானும் ஒன்று கட்டினேன்,
வேறு ஊரில், ஆறு வருடத்துக்கு முன்.
அதையும் யாராவது
எண்ணாமல் விட்டிருப்பார்கள்.

திரும்பி வந்தால் என் செருப்பைக் காணோம்.
கறுப்பு, புது வார்.
அதனிடத்தில் மண்ணிறச் சோடி ஒன்று,
அளவு சரி, இடது குதி தேய்ந்தது.
"போட்டுக்கங்க மேடம்.
பஸ்காரர் அடுத்தது கன்னியாக்குத்தான் போவாங்க.
எல்லாருக்கும் அதே ரோட்டுத்தானே."

வழியில் அசருக்குப் பத்து நிமிடம்.
பள்ளிவாசல் படியில் பதினாறு சோடி.
வெளியே வந்தவர்
கீழே பார்க்காமலே
தன்னுடையதில் கால் நுழைத்தார்.
எனக்குப் பொறாமையாக இருந்தது.

கன்னியாவில் ஏழு கிணறு, ஏழு சூடு.
தாய்க்குக் கடன் கழிக்க
இராவணன் வாளால் குத்தினானாம்.
பலகை வேறு கதை சொன்னது.
இரண்டு மூலம் முரண்பட்டால்
இரண்டையும் எழுதி
ஓரத்தில் பென்சிலால் கேள்விக்குறி இடுவோம்,
அதுதான் எங்கள் முறை.
இங்கே பென்சில் வைத்திருப்பவர்கள் குறைவு,
எல்லாரிடமும் மை.

நாலாம் கிணற்றுச் சுவரோரம் என் செருப்பு.
பெண்கள் வாளியால் அள்ளி ஊற்றி
சூட்டுக்குக் கத்தினார்கள்.
எல்லாருடைய காலும் வெறுங்கால்.
யாரைக் கேட்பது?
எனக்குத் தெரிந்தது அலுவலகச் சிங்களம்,
"இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது" வரைக்கும் வரும்.
செருப்பு மாறிப்போச்சு என்று சொல்ல
அதில் படிவம் இல்லை.

மண்ணிறச் சோடியைத் தூசு தட்டி,
அவள் வந்து நேரே கால் நுழைக்கிறாற்போல்
திருப்பி வைத்தேன்.
என்னுடையதைப் போட்டுக்கொண்டு திரும்பினால்
ஏழாம் கிணற்றுக்கு ஒருத்தி போகிறாள்,
ஈரச் சீலையோடு,
இடப்பக்கம் மெல்லச் சாய்ந்து.
அந்தச் சாய்வு எனக்குத் தெரியும்,
இரண்டு மணித்தியாலம் நானும்
அப்படித்தான் நடந்தேன்.

கூப்பிடவில்லை.

வார் நனைந்திருந்தது, வெந்நீர்.
ரயிலேறும்வரை
இடதுகால் மட்டும்
காயவேயில்லை.