வேலை முடிந்தபின்

ஹாலே நகரில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன்.
ஆறு நாள் பிறர் கண்ணுக்கு வில்லை பொருத்துவேன்.
ஞாயிறு என் கண்ணுக்கு.

கறுப்புத் தாள், நாற்பத்திரண்டு பக்கம்,
பட்டுக் கயிற்றில் கோத்த ஆல்பம்.
ஹால்பர்ஷ்டாட் பழம்பொருள் சந்தையில்
லூட்டிஹ் அம்மாள் எனக்கு விற்றபோதே
பாதிப் படங்கள் போயிருந்தன.
"தனித்தனியாக விற்றால்தானே காசு.
டாங்கி இருந்தால் இருபது யூரோ,
குதிரைக்கு மூன்று" என்றாள், ஒளிக்காமல்.
எனக்கு வாய்த்தவை குதிரைகள்.
மற்ற இடங்களில் வெள்ளை மை எழுத்து மட்டும்
இல்லாததைச் சுட்டிக்கொண்டு:

"எங்கள் சமையல் வண்டி."
"எர்வின், காய்ச்சலுக்குப் பின்."
"அழகான ஞாயிறு."
முப்பத்தொன்றாம் பக்கத்தில், "வேலை முடிந்தபின்."
அதற்கு மேலே நான்கு பசைத் தழும்பு,
நடுவே தாள் உரிந்த இடம்
ஏறக்குறைய வாத்து வடிவில்.

அந்த வாத்தை ஒன்பது வருடம் தேடினேன்.

இந்தப் பித்துக்கும் இலக்கணம் உண்டு.
தோள்பட்டை விளிம்புத் தையல் வெள்ளையென்றால் காலாட்படை,
கறுப்பென்றால் பாலம் கட்டுகிறவர்கள்.
வண்டி மட்கார்டில் எந்தக் குறி
(என்னுடையவர்களுக்குத் துள்ளும் மீன்),
படத்தின் ஓரம் பல்பல்லாய் வெட்டியதா,
முதுகில் எந்த ஆலையின் முத்திரை.
பழைய கோணல் எழுத்தைப் படிக்க
மாலை வகுப்புக்குக்கூடப் போனேன்:
இரண்டு விதவைகள், ஒரு பாதிரி, நான்.

பிரிவின் வரலாறும் கைவசம் இருக்கிறது.
அறுபத்தொன்றில் முன்னாள் அதிகாரி ஒருவர் தட்டச்சிட்டு
தோழர்களுக்கு மட்டும் என்று நூற்றைம்பது பிரதி.
பாலங்கள் மீட்டர் கணக்கில்,
செத்த அதிகாரிகள் பெயரோடு,
செத்த சிப்பாய்கள் தொகையாக.
அந்த வாரத்துக்கு இரண்டே வரி:
"சாலை செப்பனிடல். வானிலை நன்று.
பிளம் ஜாம் வந்து சேர்ந்தது."

போன மார்ச்சில், ஒஸ்னாப்ரூக்கில் இறந்துபோன
ஒரு சேகரிப்பாளரின் சுருட்டுப் பெட்டியிலிருந்து
தபாலில் வந்தது.
சிப்பாய்கள், குளியல், கலகலப்பு: நான்கு யூரோ.
முதுகில் கறுப்பு நாரோடு வாத்து.
பக்கத்தின் மேல் பொருத்தினேன்.
அலகு முதல் வால் வரை உட்கார்ந்தது.
சமையலறையில் தனியாகக் கைதட்டிவிட்டேன்.
பிறகுதான் திருப்பிப் பார்த்தேன்.

ஏழு பேர். சட்டைக்கை முழங்கைக்கு மேலே.
தகர வாளியில் கை கழுவுகிறார்கள்.
ஒருவன் சோப்பு நுரையை
இன்னொருவன் மூக்கில் வைக்கிறான்.
பின்னால் பிர்ச் மரங்கள்,
அவற்றில் சாய்த்த மண்வெட்டிகள்.
சாலை எங்கும் இல்லை.

சட்டத்துக்கு வெளியே இருக்கலாம் சாலை.
சாலை போடுகிறவனும் கை கழுவத்தானே வேண்டும்.

வலது ஓரத்தில் மூக்குக்கண்ணாடி போட்டவன்.
வில்லைக்குள் கன்னத்தின் கோடு உள்நோக்கி ஒடிகிறது.
முப்பது வருடத் தொழில், அதிகம் தவறாது:
மைனஸ் ஐந்து, ஐந்தரை.
கழற்றியிருந்தால் தன் விரல்களுக்கு அப்பால்
அவனுக்கு எல்லாம் பனி.
கழற்றவில்லை.

ஃபோல்க்மார் தொலைபேசியில் கேட்டான்,
தோளில் எண் தெரிகிறதா?
தெரிகிறது.
அதிர்ஷ்டக்காரனப்பா நீ, என்றான்.

இன்னும் ஒட்டவில்லை. மேசையில்
ஆல்பம் திறந்தே கிடக்கிறது, ரொட்டித் தூளோடு.
பழக்கதோஷம், எண்ணிக்கொண்டிருக்கிறேன்.
ஆள் ஏழு. படமெடுத்தவனோடு எட்டு.
மண்வெட்டி ஒன்பது.
அந்த வாரம் இழப்பு எதுவும் பதிவில்லை.
ஒன்பதாமவன் ஒன்றுக்குப் போயிருக்கலாம்.
மரங்களுக்குப் பின்னே குனிந்து
வாந்தி எடுத்துக்கொண்டிருக்கலாம்.

பூதக்கண்ணாடியை இன்னும் இறக்குகிறேன்.
கடைசி மண்வெட்டியின் பிடி மற்றவற்றைவிடக் குட்டை.
படைப் பட்டறையின் வார்ப்பு இல்லை.
யாரோ தன் உருளைக்கிழங்குப் பாத்திக்கென்று
தன் உயரத்துக்குச் செதுக்கியது.