சட்டையில்லாக் கழுத்து

மஞ்சக்குப்பத்தில் டைல்ஸ் கடைக்கு மேல்மாடி.
ரெக்சின் பாயில் நேற்றைய வியர்வை இன்னும் காயவில்லை.
பாவாடைசாமி அட்டையும் பேனாவுமாய் வந்து நிற்கிறார்:
"நோட்டீஸ் அடிக்கணும், ஒரே ஒரு வரி பாக்கி.
கூண்டுச் சண்டைக்கு வர்ற புள்ளைங்க
மொதல்ல ஜூடோ கத்துக்கணுமா, மல்யுத்தமா?
நீங்க ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணுங்க."

நாங்கள் பேசுகிற ஆட்களா?

தில்லையரசி குனிகிறாள்.
அவள் நெற்றி என் இடுப்பு உயரத்தில்.
ஓ.டி.க்காரி. சிப்காட்டில் இரவு ஷிப்ட் முடித்து
கண்ணெரிச்சலோடு நேராக இங்கே வந்தவள்.
துணியைத் தொடாமல் ஆளைப் பிடிக்க
பத்து வருஷம் பழகியவள்.

நான் முத்தியால்பேட்டை ஜெர்மேன்.
எட்டு வயசிலிருந்து
சட்டையைப் பிடித்தே வளர்ந்தவள்.
வெள்ளைச் சட்டை, தடித்த காலர்.
பிடித்துவிட்டால் போதும்,
எதிராளி எந்தப் பக்கம் சாயப்போகிறாள் என்பது
அவளுக்கு முன்பே என் விரலுக்குத் தெரியும்.
இங்கே கழுத்தில் காலர் இல்லை.
முதல் மாசம் முழுக்க என் வலது கை
அவள் தோளில் வழுக்கி வழுக்கி
கரண்ட் போன வீட்டில் தீப்பெட்டி தேடியது.

அவள், காலில் விழுந்தே ஆளைக் கவிழ்ப்பவள்.
எங்கள் ஆட்டத்தில் கையால் காலைத் தொட்டாலே தண்டனை.
தொடாமல் இருந்து இருந்து
தொட வருகிறவளைத் தடுக்கவும் மறந்துபோனேன்.
இரண்டு முழங்காலையும் அணைத்து அவள் தூக்கும்போது
கெடிலத்தில் வெள்ளம் வந்த ராத்திரி மாதிரி
எதைப் பிடிப்பதென்றே தெரியாது.

ஆனால் கம்பிவலையோரம் போனால் கதை வேறு.
நெஞ்சோடு நெஞ்சு ஒட்டி, நிமிர்ந்து,
அவள் தள்ளத் தள்ள எனக்குச் சந்தோஷம்.
தள்ளுகிறவளைத்தானே தேடிக்கொண்டிருந்தேன்.
காலருக்குப் பதில் அக்குள்.
கையை உள்ளே கொடுத்து, இடுப்பைத் திருப்பி,
தொடையை உள்ளிருந்து மேலே வீசினால்
ஐம்பத்தாறு கிலோ
மின்விசிறியைப் பார்த்தபடி அரைவட்டம் போகும்.

தொம்.
கீழே கடையில் அடுக்கிய ஓடுகள் குலுங்கும்.

அங்கேதான் தப்புப் பண்ணினேன்.
எறிந்தாயிற்று, முடிந்தது என்று
நடுவரின் உயர்ந்த கையைத் தேடி நிமிர்ந்தேன்.
நடுவர் ஏது?
பாவாடைசாமி அட்டையால் விசிறிக்கொண்டிருந்தார்.
அந்த ஒரு விநாடியில்
என் கணுக்காலைப் பிடித்து எழுந்து
என்மேல் ஏறிவிட்டாள்.

இன்னொரு நாள்
விழுந்த வேகத்தில் அவள் குப்புறப் புரண்டாள்.
தோள்பட்டை இரண்டும் பாயில் பட்டால் தோல்வி என்று
எலும்புக்குள் எழுதி வைத்திருக்கிறது.
இங்கே அதை யார் பார்க்கிறார்கள்?
காட்டக்கூடாத முதுகை எனக்குக் காட்டினாள்;
என் முழங்கை அவள் தாடைக்குக் கீழே நுழைந்தது.
பாயில் மூன்று தட்டு.
இருமி முடித்துச் சொன்னாள்:
"முதுகைக் காப்பாத்தத்தான்டி முதுகைக் குடுத்தேன்."

என்னைக் கேட்டால் மல்யுத்தம் என்றுதான் சொல்வேன்.
சண்டை நின்றபடியா, தரையிலா என்பதைப்
பத்து நாளில் ஏழு நாள் அவள்தான் முடிவு செய்கிறாள்.
மிச்ச மூன்று நாளுக்காகத்தான்
நான் பஸ் ஏறி வருகிறேன்.
அவள் ஜூடோ என்கிறாள்.
"என்னுது வர்றது உனக்குத் தெரியும்ல?
உன்னுது எங்கேர்ந்து வருதுன்னே தெரியலடி."

நோட்டீசில் அந்த வரி இன்னும் காலி.
இப்போதைக்கு 'சேர்க்கை நடைபெறுகிறது' என்று மட்டும்
பெரிய எழுத்தில் போட்டிருக்கிறார்.

திரும்பும் பஸ்.
கன்னியக்கோவிலில் யாரோ தள்ளாடிக் குறுக்கே வர,
டிரைவர் போட்டார் பாருங்கள் ஒரு பிரேக்.
கண்ணைத் திறந்து பார்க்கிறேன்:
முன்னால் நிற்பவரின் காலர் என் கையில்,
என் பாதம் அவர் கணுக்காலுக்குப் பின்னால்.
"ஏம்மா, எதுக்கு சட்டையப் புடிக்கிற?"

கஞ்சி போட்டு மடித்த, மொடமொட காலர்.
மன்னிச்சுக்கங்க சார் என்றேன்.
விரல்களுக்குத்தான் மனசே வரவில்லை.