சாக்கின் எடை

வடுவூர்ப் பக்கம் கொள்முதல் நிலையத்தில்
பில் போடுகிறவள் நான்.
மூடைக்கு நாற்பது கிலோ.
சாக்கின் எடையைத் தனியாகக் கழித்துவிடுவோம்.

வீட்டு மிஷினில் ஏறினால்
எண்ணுக்குப் பதில் ஓர் எழுத்து வரும்.
அதனால் ஒரு சம்பா அறுப்பின்போது
லோடுமேன்கள் டீக்குப் போன நேரம் பார்த்து
நெல் தட்டில் ஏறி நின்றேன்.
நூற்று இருபத்தெட்டு.
மூன்று மூடை, எட்டுக் கிலோ.
கை தானாக பில் புத்தகத்தைத் தேடியது.

தஞ்சாவூரில் என் இரைப்பையைக் கத்தரித்து
ஒரு பூவன் பழத்தின் அளவுக்கு விட்டுவைத்தார்கள்.
பக்கத்துக் கட்டில் கூத்தாநல்லூர் ஜெய்புனிசாவுக்கு பைபாஸ்.
"உனக்கு மதகைத்தான் சின்னதாக்குனாங்க,
எனக்கு வாய்க்காலையே மாத்தி வெட்டிட்டாங்க."
சிரித்தால் தையல் இழுக்கும். சிரித்தோம்.

மூன்று வருஷம் ஆகிறது.
எனக்கு நெஞ்செரிச்சல்,
மூன்று தலையணையில் சாய்ந்தபடிதான் தூக்கம்.
அவளுக்கு இன்சுலின் ஊசி நின்றது,
ஆனால் ஒரு துண்டு தம்ரூட் உள்ளே போனால்
வியர்த்துப் படபடத்துப் படுத்துவிடுவாள்.
முடி இரண்டு பேருக்கும் கொட்டியது.
அவளுக்கு முக்காடு இருக்கிறது.
எனக்குக் கனகாம்பரத்தைத் தாங்கச் சடையில்லை.

எந்த ஆபரேஷன் நல்லது என்று
முதல் வருஷம் போனில் சண்டை போட்டோம்.
இப்போது, என்ன சாப்பிட்டாய் என்கிறோம்.
பதில் சொல்ல அரை நிமிஷம் போதும்.

நீடாமங்கலத்துக் கல்யாணப் பந்தியில்
மூன்றாவது வாயிலேயே நிறைந்துவிட்டது.
"என்னம்மா, சமையல் சரியில்லையா?"
வாளியோடு நின்றார் பரிமாறுகிறவர்.
முன்பு அதே வாளி
என் இலையை வேகமாகக் கடந்து போகும்.
அன்றைக்குச் சிரித்த சிரிப்பையே
இன்றைக்கும் சிரித்து இலையை மடித்தேன்.

மன்னார்குடி பஸ்ஸில் என் பக்கத்தில்
இப்போது ஆட்கள் உட்காருகிறார்கள்.
ஒரு கல்லூரிப் பெண் என் தோளில் தூங்கியே போனாள்.
இறங்க வேண்டிய இடத்தில் நான் இறங்கவில்லை.

ஏணி வைத்து லாரியில் ஏறி மூடை எண்ணுகிறேன்.
"பாத்து மேடம்" என்கிறான் அய்யாறு.
லாரி சாயப்போகுது என்று
ஒரு காலத்தில் கத்தியவன் இவன்தான்.
அவனுக்கு அது ஞாபகமில்லை.
எனக்கு எந்த லாரி என்பதுகூட ஞாபகம்.

குளிக்கும்போது வயிற்றுத் தோல்
கையில் அள்ளும் அளவுக்குத் தொங்குகிறது.
டாக்டர் அதற்கும் ஓர் ஆபரேஷன் சொல்கிறார்,
விலையும் சொல்கிறார்.

நேற்று சாயங்காலம் மறுபடி தட்டில் ஏறினேன்.
எழுபத்தாறு.
இதில் சாக்குக்கு எவ்வளவு கழிப்பது?

ஜெய்புனிசாவுக்குப் போன் போட்டேன்.
நோன்பு திறக்கிற நேரம்.
"கஞ்சி நாலு ஸ்பூன் ஆச்சு.
இரு, அஞ்சாவது இறங்குதான்னு பாக்குறேன்."

போனைக் காதில் வைத்தபடி
தட்டின் மேலேயே நின்றுகொண்டிருந்தேன்.