தெரியாத இடத்திலிருந்து

திருப்பாப்புலியூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால்
நாலடி அகலத்தில் என் கடை.
தெற்கிலிருந்து காற்று திரும்பினால்
(தென்றல் என்று சொல்ல வாய் வராது)
சிப்காட் வாசனை ஷட்டரைக் கேட்காமல் உள்ளே வரும்.

தையல்நாயகி வந்தது அப்படியொரு மாலை.
துறைமுகத்து ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவள்.
செத்த எலியை வாலைப் பிடித்து வைப்பதுபோல
போனை மேசைமேல் வைத்தாள்.
‘யாருக்கும் எதையும் சொல்லாத போனா
இதை மாத்த முடியுமா?’

நாலாயிரம் கடன். ஏழு நாள் கெடு.
ஆப் கேட்டது ஒரே ஒரு ‘அனுமதி’.
அந்த ஒரு தொடுதலில்
முன்னூற்றுப் பன்னிரண்டு பேர் போனார்கள்:
சின்ன மாமியார்,
சிலிண்டர் போடுகிறவர்,
மகனின் கணக்கு டீச்சர்,
‘ஐஸ் ஓனர் புது நம்பர்’,
செத்துப்போன பிறகும் அழிக்க மனம் வராத அக்கா.

எட்டாம் நாள் காலை எல்லோருக்கும் ஒரு படம் வந்தது.
முகம் இவளுடையது.
மீதியை அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.
அக்காவின் நம்பர் இப்போது வேறு யாரிடமோ இருக்கிறது.
அந்த யாரோ பதில் போட்டிருந்தான்:
‘யாருங்க இது? நல்லாருக்கு.’

ஒவ்வொன்றாகத் திறந்தேன்.
வெளிச்சம் போடும் டார்ச்சுக்கு
கான்டாக்ட் லிஸ்ட் எதற்கு?
பஞ்சாங்க ஆப் மைக்கைத் திறந்து வைத்திருந்தது,
ராகுகாலத்தை நாம்தான் அதற்குச் சொல்லவேண்டும்போல.
அழித்தேன். அழித்தேன்.
அழிக்கவே முடியாதவற்றின் வாயை அடைத்தேன்.

இன்னொரு ஸ்டோர் இருக்கிறது என்றேன்.
விளம்பரம் கிடையாது. நட்சத்திரம் கிடையாது.
‘உங்களுக்காகவே’ என்று எதையும் நீட்டாது.
உள்ளே போகப் பெயர்கூடச் சொல்லவேண்டாம்.
சரக்கு குறைவு, பார்வைக்கும் சுமார்தான்.
ஆனால் ஒவ்வொரு ஆப்பின் கீழும்
அதன் குறை எழுதியிருக்கும்,
மீன்காரியே ‘இது நேத்து மீனு’ என்று
சொல்லி விற்பதுபோல.

போன் பதறியது, சிவப்பு எழுத்தில்:
தெரியாத இடத்திலிருந்து வருகிறது. தீங்கு நேரலாம்.

அவள் எழுத்துக்கூட்டாத குறையாக அதை இரண்டு முறை படித்தாள்.
அன்றைக்கு முதல்முறையாகச் சிரித்தாள்.
‘அந்தக் கடன் ஆப்பு
தெரிஞ்ச இடத்துலேர்ந்துதான் வந்துச்சு.
அப்ப இது வாயே தொறக்கல.’

யார் நடத்துறாங்க இதை?
தெரியாது. யார் யாரோ. முக்கால்வாசிப் பேர் சம்பளமில்லாமல்.
எழுதிய எதையும் ஒளிக்கமாட்டார்கள்,
யார் வேண்டுமானாலும் பிரித்துப் பார்க்கலாம்.
‘நீங்க பார்த்தீங்களா?’
இல்லை.

சால்டரிங் முனை ஆறிக்கொண்டிருந்தது.

கையெழுத்து இருக்கும் என்றேன் அவசரமாக,
நடுவில் யாராவது ஒரு எழுத்தை மாற்றினாலும்
காட்டிக்கொடுத்துவிடும்.
‘நானும்தான் விரல் வச்சேன்’ என்றாள்.
அதற்குமேல் அவளோடு வாதாட எனக்குத் தெரியவில்லை.
நம்பு என்று சொல்லவில்லை.
கம்மியாக நம்பினால் போதும் என்றேன்.

கால்குலேட்டர் ஒன்றை இறக்கினேன்.
நாலாயிரத்தைப் போட்டாள், கட்டியதைக் கழித்தாள்,
வட்டி, வட்டிக்கு வட்டி.
பூஜ்யத்துக்குக் கீழே போனதும் மைனஸ் காட்டியது.
அவ்வளவுதான்.
இப்போது ஏதாவது கேட்கும் என்று
கொஞ்ச நேரம் காத்திருந்தாள்.
அது கேட்கவில்லை.

எழுந்தபோதுதான் என் பில் நோட்டைப் பார்த்தாள்.
அவள் பெயர். நம்பர். வீட்டு விலாசம்.
பக்கத்தில் ஒன்பது புள்ளி வைத்து
அவள் பேட்டர்ன் லாக்கை
நீல பேனாவால் நானே வரைந்திருந்தேன்.
மேலே வேறொருவரின் பூட்டு,
அதற்கு மேலே இன்னொருவருடையது,
தீபாவளியிலிருந்து வந்த எல்லோருடையதும்.

‘இது எதுக்கு?’
வழக்கம் என்றேன்.

தாளை அவளே கிழித்தாள்.
பின்பக்கத்தில் சார்ஜர் பாக்கி நூற்றைம்பது,
யாருடையது என்று இப்போது ஞாபகமில்லை.
அதையும் சேர்த்து நாலாக மடித்துப் பைக்குள் வைத்தாள்.
காசு கொடுத்தாள். சில்லறை வாங்கிக்கொண்டாள்.

நோட்டு திறந்தே கிடந்தது.
தெற்குக் காற்று
மீதிப் பக்கங்களை
ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.