தண்ணீர் வருவதற்குள்

ஊரே அணையின் மட்டம் பார்க்கிறது.
நானும் பார்க்கிறேன், வேறு கணக்கில்.

தொண்ணூற்றெட்டு அடி என்று செய்தியில் சொன்னதும்
உரக்கடை வாசலில் பேச்சு சூடுபிடிக்கிறது.
அந்தக் கடைக்கு மேல் மாடியில்
என் பலகை தொங்குகிறது:
நில அளவை, வரைபடம், மனைப்பிரிவு.
என் பெயரில் ஒரு புள்ளியை விட்டுவிட்டார் எழுதியவர்.
திருத்த முந்நூறு கேட்டார்.
முதல் மாதம் முந்நூறு என்றால் பெட்ரோல்.
புள்ளி இல்லாமலே ஐந்து வருடம்.

திருச்சியில் பதினொரு வருடம்
இன்னொருவர் முத்திரைக்கு மேலே கோடு போட்டேன்.
ராஜினாமாக் கடிதம் நான்கு வரி.
கருவி வாங்கிய கடன் பத்திரம் நாற்பது பக்கம்.
அதில் எந்தப் பக்கத்திலும் மழை பெய்வதில்லை,
ஐந்தாம் தேதி மட்டும் வருகிறது.

வயல் வெறுந்தரையாய்க் கிடக்கும் நாளில்தான்
எனக்குச் சோறு.
உளுந்து பிடுங்கி, மண் வெடித்து,
தாள்கட்டை செருப்பைக் குத்தும் பங்குனியில் தொடங்கி
வாய்க்காலில் முதல் நுரை வரும் வரை.
அதற்குள் ஐப்பசிக்கும் சேர்த்துச் சம்பாதிக்க வேண்டும்.

நீடாமங்கலம் ரயில்வே கேட் மூடிவிட்டால்
வண்டியில் உட்கார்ந்தபடியே அலுவலகம் நடத்துகிறேன்.
"சார் எப்ப வருவாரு?"
"கிளம்பிட்டாரு" என்று சொல்லிவிட்டு
நானே கிளம்புகிறேன்.
"மாவுக்கு எவ்வளவு?"
முதல் வருடம் எதிர்க்குரலைக் கேட்டு விலை சொன்னேன்.
பிறகு விலையைச் சொல்லி, காரணமும் சொன்னேன்.
இப்போது விலையைச் சொல்லிவிட்டுச் சும்மா இருக்கிறேன்.
அந்தச் சும்மா இருத்தலைக் கற்றுக்கொள்ள
எண்பதாயிரம் செலவாகியிருக்கும், தோராயமாக.

பூவனூர்ப் பக்கம்
உத்திராபதிக்கும் தம்பி அமிர்தலிங்கத்துக்கும்
ஏழு மா, பதினாறு குழி.
இருவரும் தனித்தனியே ராத்திரி கூப்பிட்டு
"கொஞ்சம் பாத்துப் போடுங்க" என்றார்கள்.
பார்த்துத்தான் போட்டேன்.
தென்கிழக்குக் கல்
இருந்த இடத்திலிருந்து ஒன்றேகால் அடி தள்ளி
இருவருக்கும் பிடிக்காத இடத்தில் நின்றது.
"கொள்முதல் நிலையத்துல மூட்டை ஏறட்டும், தந்துடறோம்."
அந்த ஒரு வாக்கியத்தில்தான்
அண்ணனும் தம்பியும் ஒன்றாகப் பேசினார்கள்.

யாரிடமும் சொல்லாத ஒன்று உண்டு.
இந்த வைகாசி முழுவதும்
மதகைத் தூக்கும் நாள்
பத்து நாள் தள்ளிப் போனால் தேவலாம் என்று இருந்தது.
இன்னும் நாலு பட்டா பாக்கி,
ஒரு தவணை பாக்கி.
இந்த மண்ணில் சோறு தின்பவள்
நினைக்கிற நினைப்பா இது?
நினைத்தேன்.
டீக்கடையில் எல்லாரும் தேதி பேசும்போது
கிளாஸுக்குள் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நேற்றுச் சாயங்காலம் கோரையாற்றில் தண்ணீர்.
செருப்பு, தெர்மாகோல், காய்ந்த நாணல்
எல்லாவற்றையும் தள்ளிக்கொண்டு வந்தது.
பாலத்தில் ஒருவர் கற்பூரம் ஏற்றினார்.
ப்ரிஸம் பிடிக்கும் நிவாஸ்
கம்பைத் துடைத்து மூலையில் சாத்திவிட்டு
"டிராக்டருக்குப் போறேன்க்கா, தையில பாப்போம்" என்றான்.
அவன் சம்பளத்தைக் கொடுத்தேன்.
என் சம்பளத்துக்கு
பில் புத்தகத்தை விரித்தேன்.

நிலுவை பதினான்கு பேர்.
உத்திராபதி, குறுவை அறுத்ததும்.
அமிர்தலிங்கம், அண்ணன் கொடுத்ததும்.
வையகளத்தூர் டீச்சர், சம்பா முடியட்டும்.
கூட்டினால் ஒரு லட்சத்துப் பன்னிரண்டாயிரம்.
அதில் ஒரு ரூபாயும் இன்னும் நாற்றாகக்கூட இல்லை.
எங்கெங்கோ கோணிக்குள்
விதைநெல்லாய் முளைவிடக் காத்திருக்கிறது.

எனக்கென்று ஒரு குழி நிலமில்லை.
பதினான்கு வயலில் பயிர் வைத்திருக்கிறேன்.
தலைப்பில் எத்தனை கன அடி விட்டார்கள் என்று
போனில் தேடிப் பார்த்தேன்.
போதாது போலிருந்தது.

கீழே உரக்கடையில் யாரோ கேட்டார்கள்,
யூரியா வந்துவிட்டதா என்று.
பதில் சரியாகக் கேட்கவில்லை.
மாடிப் படியில் பாதி இறங்கி
நானும் கேட்டேன்.