குஸ்கா

ஆஸ்பத்திரிக்கு வந்த பதினோராம் நாள்
பன்னும் பாலும் நாக்கில் மண்ணாகிப் போக
காந்தி ரோட்டில் ஒரு ஓட்டலுக்குள் நுழைந்தேன்.
தனியாக.
நாற்பத்தாறு வயசில் முதல் தடவை.

அவர் கண்டக்டர். ஆரணியிலிருந்து ஆம்பூர் வரைக்கும்
ஊருக்கு ஒரு மேசை வைத்திருக்கிறவர்.
எனக்கு அந்தக் கடைகளெல்லாம்
எண்ணெய் கசிந்த பார்சல்களாகத்தான் தெரியும்.
வாணியம்பாடி என்றால் சணல் கட்டு.
ஆம்பூர் என்றால் ரப்பர் பேண்டு,
மூலையில் பிதுங்கி நிற்கும் கத்திரிக்காய்.
ஆற்காடு என்றால்
காக்கிச் சட்டைப் பையில் நசுங்கிய மக்கன்பேடா.
எல்லாம் ராத்திரி பத்தே முக்காலுக்கு
ஆறிப் போய் வரும்.
குறை சொல்லவில்லை. வந்ததே.

"ஃபேமிலி உள்ளே" என்றான் மேசை துடைக்கிற பையன்.
உள்ளே ஏசி, ஏழெட்டுப் பேர், நடுவில் ஒரு கேக்.
வெளியிலேயே உட்கார்ந்தேன்.
விலைப்பலகையை மேலிருந்து கீழே படித்து
கீழேயே நின்றுவிட்டேன்.
குஸ்கா.

எதிரில் ஒரு வங்காளி.
லாட்ஜ் சாவி சுண்டுவிரலில்,
மடியில் எக்ஸ்ரே உறை.
பிரியாணியை ஓரம் ஓரமாகப் புரட்டிக்கொண்டிருந்தார்
மோதிரம் விழுந்துவிட்ட மாதிரி.
"ஆலு?" என்றார்.
பையன் புதுசு, ஊர் அணைக்கட்டுப் பக்கமாம்.
"எந்த ஆளுண்ணே? கூட வந்தவரா?"
என்று வாசல்வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டு வந்தான்.
"ஆலு, ஆலு."
"ஆளு யாரும் இல்லண்ணே."
அவர் இரண்டு கையையும் குவித்து
உருண்டையாக ஒன்றைக் காட்டினார்.
பையனுக்குப் புரிந்துவிட்டது.
ஓடிப்போய் அவித்த முட்டை கொண்டுவந்தான்.

சிரித்துவிட்டேன்.
சோறு மூக்கில் ஏறி, கண்ணில் தண்ணீர் முட்டி,
டம்ளரைத் தட்டிவிட்டு.
அவரும் சிரித்தார்.
முட்டையை இரண்டாகப் பிட்டு
உருளைக்கிழங்கு என்றே எண்ணித் தின்றார் போல.

சோறு சூடாக இருந்தது.
சூடும் ஒரு ருசி என்று
எனக்கு யாரும் சொன்னதில்லை.
சீரகச் சம்பா, விரலில் ஒட்டாமல்,
மிளகாய் அரைத்த சிவப்பு நகக்கண்ணில் ஏற ஏற.
அடியில் ஒரு கறித்துண்டு, தப்பி வந்தது.
பில்லில் ஏறிவிடுமோ என்று
சோற்றால் மூடி மூடித் தின்றேன்.

வார்டு வாசலில் கைக்குத் தேய்க்கிற மருந்தைத் தேய்த்துக்கொண்டு
உள்ளே போனேன்.
தொண்டையில் கட்டு, மூக்கில் குழாய்.
இரண்டு மணிக்கொரு தரம் இருநூறு மில்லி.
நோட்டை எடுத்து, டிக்கெட் கிழிக்கிற வேகத்தில் எழுதினார்:
சாப்ட்டியா?
"ரெண்டு இட்லி."
கையைக் காட்டு என்று சைகை.
பிடித்து இழுத்து, குழாய் இல்லாத பக்கத்து மூக்கில் வைத்தார்.
கொஞ்ச நேரம் விடவில்லை.
பிறகு எழுதினார்: குஸ்காவா?
தலையாட்டினேன்.
பீஸ் இருந்துச்சா?
"ஒண்ணு."
விவரமான கடை, என்று எழுதி
அடியில் ஒரு கோடு போட்டார்.

ஆலு கதையைச் சொன்னேன்.
சத்தம் வரவில்லை. தோள் மட்டும் குலுங்கியது.
"தையல் பிரியும் சேச்சி" என்று
நர்ஸ் என்னைத்தான் திட்டினாள்.

மறுநாளும் அங்கேயே போனேன்.
வங்காளி இல்லை.
பையன் கேட்காமலே குஸ்கா வைத்தான்.
பீஸ் இல்லை. வெறும் குஸ்கா.
கத்திரிக்காயை ஐந்து விரலாலும் பிசைந்தேன்,
தேவைக்கு மேலேயே.
குழாயடியில் சோப்பைத் தொடவில்லை.
வார்டு வாசலில்
மருந்துக்கு
இடது கையை மட்டும் நீட்டினேன்.